எமில் தெரிந்தெடுத்த வாசம்

எமில் கட்டாருக்குப் போனபோது டினோஜாவுக்கு மூன்று மாதம். பள்ளிமுனையில் படகில் மீன்பிடிக்கப் போய் வந்துகொண்டிருந்தவன், டோஹாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்தான். பிள்ளை பிறக்கும்போது அவன் பக்கத்தில் நிற்க மாட்டான் என்பது இருவருக்கும் முதலே தெரிந்ததுதான். ஆனாலும் அவனுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் வீடியோவில் முகம் பார்க்கும்போது, அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்பட்டவர்கள் போல இரண்டு பேருமே ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. எமிலோடு ஒரே அறையில் இருக்கும் எருக்கலம்பிட்டி றிஸ்வி லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். பிள்ளைக்குப் பவுடர், வாசனை எண்ணெய், லோஷன், கொலோன். டினோஜாவுக்கு முகத்தில் பூச ஒரு கிறீம். எமில் கடைக்குள் ஒன்றரை மணித்தியாலம் நின்றானாம். ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தானாம். கடைக்காரன் இரண்டுதரம் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டானாம். றிஸ்வி இதையெல்லாம் சிரிக்காமல் சொன்னான். அவனுக்கும் எருக்கலம்பிட்டியில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

கர்ப்பம் தரித்த பிறகு டினோஜாவின் இரண்டு கன்னத்திலும் கறுப்பு படர்ந்திருந்தது. ஒருநாள் அதைச் சொல்லி அவள் குறைப்பட்டதை எமில் மனதில் வைத்திருந்திருக்கிறான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அவள் அந்தக் கிறீமையும் கைப்பையில் எடுத்துப் போனாள். மருத்துவமாது நுஸ்ரியாவுக்கு ஏறக்குறைய டினோஜாவின் வயதுதான். பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன கலந்திருக்கெண்டு ஒண்டுமே எழுதேல்ல. வெள்ளையாக்கிற கிறீமுகள் சிலதுல பாதரசம் இருக்கும். அது தோலால உள்ளுக்குப் போய்ப் பிள்ளைக்கும் போகும். இதைப் பூசாதேங்கோ, டினோஜா."

வெயிலில் போனால் குடை பிடிக்கச் சொன்னாள். பிள்ளை பிறந்த பிறகு இந்தக் கறுப்பு பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும் என்றாள். டினோஜா கிறீமைக் கொண்டுவந்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அன்று எமில் பூசினாயா என்று ஆசையாகக் கேட்டபோது, அவளை அறியாமலே ஓம் என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முகம் இருட்டாகத் தெரியுதே என்பான் அவன். சிக்னல் சரியில்லை என்பாள் இவள்.

ஆனி மாதக் கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது. ஜெனிற்றா என்று பெயர் வைத்தார்கள். டினோஜாவின் தாய் அருள்நாயகி ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் பிள்ளையைக் காட்டினாள். உடம்பில் வெண்ணெய் பூசினதுபோல வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஏன் இன்னும் குளிப்பாட்டவில்லை என்று எமில் பதறினான். அது பிள்ளையின் தோலுக்குக் காவல், தேய்த்து எடுக்கக்கூடாது என்று தாதி சொன்னதை அருள்நாயகி எடுத்துச் சொன்ன பிறகே அவன் ஆறினான். பிறகு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து யாரோ அவனைக் கூப்பிட்ட சத்தம் டினோஜாவுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் எமில் கேட்டான். "அந்தப் பவுடரைப் போட்டுக் காட்டன், பாப்பம்."

பச்சைப் பிள்ளைக்குப் பவுடரும் வேண்டாம், வாசனையுள்ள எதுவும் வேண்டாம் என்று நுஸ்ரியா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும், மடிப்புகளில் ஈரம் நிற்காமல் ஒற்றித் துடைத்தால் போதும் என்று இரண்டுதரம் சொல்லியிருந்தாள். டினோஜாவுக்கு அது மறந்து போகவில்லை. ஆனால் அந்தச் சின்னத் திரைக்குள் எமிலின் முகம் அப்படி விரிந்து கிடந்தது. அவன் பிள்ளைக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதானே என்று அவளுக்குத் தோன்றியது. கழுத்திலும் கக்கத்திலும் கொஞ்சமாகத் தட்டினாள். எமில் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் போனுக்குக் கிட்டவாகக் கொண்டுவந்தான். அது என்னத்துக்கு என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான்.

சோளகக் காற்று வீசினாலும் ஓட்டு வீட்டுக்குள் பகலில் புழுக்கம். பத்தாம் நாளளவில் பிள்ளையின் கழுத்து மடிப்பில் வியர்வையும் பவுடரும் சேர்ந்து திரண்டு, உள்ளே தோல் சிவந்து கசிந்தது. கழுத்தைத் தொட்டால் வீரிட்டு அழுதது. வீட்டுக்குப் பார்க்க வந்த நுஸ்ரியாவுக்கு வாசலிலேயே பவுடர் வாசம் அடித்துவிட்டது. பிள்ளையின் நாடியை மெல்ல உயர்த்திக் கழுத்தைப் பார்த்தாள். டினோஜாவை ஏசவில்லை. அன்றைக்கே டொக்டரிடம் காட்டச் சொன்னாள்.

"அவர் ஆசையா வாங்கி அனுப்பினதெண்டு விளங்குது. ஆனா இது இன்னும் எங்கட தோல் மாதிரி இல்ல, டினோஜா. மெல்லிசு. பவுடர் மூச்சோட உள்ளுக்குப் போனாலும் கூடாது."

ஏசியிருந்தால் டினோஜா தாங்கியிருப்பாள். நுஸ்ரியா அவளுக்காக வருந்தியதுதான் அழுகையைக் கொண்டுவந்தது.

டொக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை, எமிலுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் டினோஜா தானாகவே அவனுக்கு எடுத்தாள். சிவந்த கழுத்தைக் காட்டினாள். பவுடர் போடக்கூடாதென்று தெரிந்துகொண்டே போட்டதைச் சொன்னாள். கிறீமை ஒருநாளும் பூசவில்லை என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பித் தன் கன்னத்தையும் காட்டினாள்.

எமில் கோபிக்கவில்லை. பிறகு கட்டிலில் தலையணைக்குக் கீழே கைவிட்டு எதையோ எடுத்தான். பிள்ளைக்கு அனுப்பிய அதே பவுடர், அதே டின்.

"ரெண்டு டின் வாங்கினனான்," என்றான். "ஒண்டை நான் வைச்சிருக்கிறன். பிள்ளையும் இந்த வாசத்தில வளர்ந்தா, நான் வரேக்க அது எனக்குப் பழக்கமான பிள்ளையா இருக்கும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் மணந்துதான் படுக்கிறனான். இப்ப பார், இது அவளின்ர வாசமே இல்ல."

டினோஜா பிள்ளையை மடியில் சற்று உயர்த்திக் கிடத்தினாள்.

"அப்ப அவள் என்ன வாசம்?" என்று எமில் கேட்டான்.

அவள் குனிந்து பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். தினமும் மணந்த தலைதான். ஆனால் சொல்லப் போனால் சொல் இல்லை.

"பால் வாசம். கொஞ்சம் புளிப்பு. வெயில்ல காய்ஞ்ச துணி மாதிரியும் கிடக்கு. எனக்குச் சொல்லத் தெரியேல்லயப்பா."

கழுத்து ஆற எட்டு நாள் எடுத்தது. களிம்பும் தண்ணீரும் பழஞ்சேலைத் துண்டும் தவிர வேறெதுவும் பிள்ளையின் மேல் படவில்லை. கொழும்பில் பயணப் பத்திரங்கள் இழுபட்டதில் நீண்டுபோன றிஸ்வியின் லீவு ஆவணியில் முடிந்தது. அவன் புறப்படுவதற்கு முதல்நாள் டினோஜா பிள்ளை போட்டிருந்த சட்டையைக் கழற்றி, கழுவாமல், பொலித்தீன் பைக்குள் வைத்து முடிந்து, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டினாள். அருள்நாயகி அழுக்குச் சட்டையையா அனுப்புகிறாய் என்று கேட்டாள். டினோஜா ஓம் என்று மட்டும் சொன்னாள். றிஸ்வி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் எமில் எடுத்தான். சட்டை அவன் மடியில் இருந்தது. அவனுடைய உள்ளங்கை அளவுதான் இருந்தது அது.

"கருவாட்டு வாசம் தான் வருகுது," என்றான்.

றிஸ்வியின் மனைவி ஆமினா அறையிலிருப்பவர்களுக்கென்று கட்டாக் கருவாடும் ஒரு பொதி கட்டி றிஸ்வியின் அதே பயணப் பையில் வைத்திருந்திருக்கிறாள். டினோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. எமிலும் சிரித்தான். அவன் போன பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்தடவை. சிரித்து ஓய்ந்ததும் அவன் சட்டையை இரண்டு கையாலும் எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்துப் பக்கத்தில இருக்கு," என்றான் துணிக்குள்ளிருந்தே. "கொஞ்சமா இருக்கு."

அது உண்மைதானா, அவளுக்காகச் சொன்னதா என்று டினோஜாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவன் வர இன்னும் பதினேழு மாதம் கிடந்தது. அதற்குள் பிள்ளை நடந்துவிடும். இந்தப் பால் வாசமும் போய்விடும். போனைக் கதிரையில் சாய்த்து நிறுத்திவிட்டு, அவள் ஜெனிற்றாவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் வேலைக்குத் திரும்பும்வரை அப்படியே இருந்தாள்.