சாவு வீட்டில் ஒரு கோப்பி மெசின்

வடிவு சுவரில் சொருகிய பிளக்கை மீனம்மா அத்தை உடனே வந்து பிடுங்கிவிட்டாள்.

"என்னாடி செய்யிற? அண்ணன் கூடத்துல படுத்திருக்கு, நீ இங்க அடுப்பு மூட்டுறியா?"

"அடுப்பு இல்லைங்க அத்த. கோப்பி மெசின்."

"சூடாகுமா ஆகாதா?"

"ஆகும்."

"அப்ப அடுப்புதான்."

பிளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அத்தை அசையாமல் நின்றாள். பிணம் வீட்டை விட்டுப் போகும்வரை அந்த வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. குடிக்கவும் சாப்பிடவும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் வரவேண்டும். நேற்றிலிருந்து ஐந்து கேத்தல் தேத்தண்ணி வந்து இறங்கிவிட்டது. அதுதான் வடிவுக்குப் பிரச்சினை.

அப்பா சோலைமலைக்குத் தேத்தண்ணி ஆகாது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பத்தொரு வருசம் ஃபிட்டராக இருந்த மனுசன். "மூக்கால குடிச்சது போதும். வாயாலயும் குடிக்கணுமா?" என்பார். போன தீபாவளிக்கு வடிவு கந்தப்பளையிலிருந்து வந்திருந்தபோது, பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் போற அன்னிக்கு வர்றவங்களுக்கெல்லாம் என் மெசின்ல கோப்பி போட்டுக் குடு. தேத்தண்ணி குடுத்தேன்னு வையி, எந்திரிச்சு வந்துருவேன்."

"சீனி போட்டா, போடாமலாப்பா?"

"அது அவங்கவங்க இஷ்டம். நீ சரின்னு சொல்லு."

வடிவு சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லியிருந்தாள். சிரித்தது அவள் மட்டும்தான் என்பது இப்போது ஞாபகம் வந்தது. தபால் கந்தோர் வேலையில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் தடவை சரி சொல்லியிருக்கிறாள், ஒன்றும் நெஞ்சில் நிற்கவில்லை. இந்த ஒரு சரி நேற்றுக் காலையிலிருந்து தொண்டையில் நிற்கிறது. மூன்று மணிக்குப் பெட்டி எடுக்கிறார்கள். இப்போது மணி பதினொன்று.

"ஏன் அக்கா கோவிக்கிறியள்?" என்று வாசல்படியில் ஜெயரத்தினம் மாஸ்டரின் குரல் கேட்டது. "நெருப்பெண்டா எரிய வேணும். இதுக்குள்ள எரியிறது ஒண்டுமில்லை."

"நீங்க கணக்கு மாஸ்டர். சாவு வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும்."

மாஸ்டர் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். சாவகச்சேரிக்காரர், இருபத்தாறு வருசமாக இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர். உண்மையில் அந்த எஸ்பிரெசோ மெசின் அவருடையதுதான். சுவிசிலிருந்து மகன் ஊர் வீட்டுக்கு அனுப்பியது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து படிந்து ஒரே வருசத்தில் அது மூச்சை நிறுத்திவிட்டது. எறிய மனம் வராமல் மலைக்குத் தூக்கிவந்தவரிடமிருந்து சோலைமலை அதை வாங்கி, எலுமிச்சம்பழச் சாற்றை மூன்று நாள் அதற்குள் ஓடவிட்டார். முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் உள்ளேயிருந்து கொட்டின. "உங்க ஊர்ல குடிக்கிறது தண்ணியா, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா மாஸ்டர்?" என்று சோலைமலை கேட்க, "எங்கட தண்ணி தேன்" என்று மாஸ்டர் முறுக்கிக்கொள்ள, அன்று தொடங்கிய சண்டை ஏழு வருசமாகத் தினமும் பின்னேரம் நாலரைக்கு ஆளுக்கொரு கோப்பியோடு நடந்துவந்தது.

"மீனம்மாக்கா," வேலிக்கு அந்தப்புறமிருந்து றுக்கையா எட்டிப் பார்த்தாள். "எங்கட ஊட்டுக் கரண்ட எடுங்களே. அப்ப அது எங்கட ஊட்டு நெருப்புத்தானே?"

அத்தை யோசித்தாள். அவள் யோசிக்கும்போது வெற்றிலை மெல்லுவது நின்றுவிடும். பிறகு மறுபடி மெல்லத் தொடங்கினாள்.

"மெசினு வாசப்படிக்கு வெளிய இருக்கணும்."

"இருக்கும்."

"அப்ப சரி. அடுத்த வீட்டு நெருப்புன்னா குத்தமில்ல."

றுக்கையாவின் புருசன் ராசிக் தன் ஹாட்வெயார் கடையிலிருந்து இருபது கெஜம் வயரைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாக இழுத்தார். மெசினையும் அது கிடந்த மேசையையும் நாலு பேர் பின்வாசலுக்குத் தூக்கினார்கள். மேசையில் விரித்திருந்த பத்திரிகைத் தாளை யாரும் கலைத்துவிடாதபடி வடிவு கூடவே நடந்தாள்.

அந்தத் தாளில்தான் மெசினின் உறுப்புகள் கிடந்தன. மாதம் ஒரு தடவை சோலைமலை அதைப் பிரித்துக் கழுவுவார். கழற்றுவதை இடப்பக்கத்திலிருந்து வரிசையாக வைப்பார். நேற்றுக் காலை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தவர்தான். கொத்தமல்லி கேட்டு வந்த றுக்கையா, தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிப்போய், பத்து நிமிசம் கழித்து மறுபடி வந்திருக்கிறாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயரில் என்ன இருக்கிறது, மனுசன் கஷ்டப்படாமல் போனார்.

வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வடிவு மாட்டினாள். சல்லடைத் தட்டு, அதைப் பிடிக்கும் ஒற்றைத் திருகாணி, இரண்டு குழாய், தண்ணித் தொட்டி. பொத்தானை அமுக்கினாள். பம்பு உறுமியது. தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. தப்பு அடிக்க வந்தவர்கள்கூட அடியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்து நின்று பார்த்தார்கள்.

"பழுதாப்போச்சோ?" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர். சத்தம் வந்து தண்ணி வரலைன்னா காத்து அடச்சிருக்குன்னு அர்த்தம். ஆவிக் கொழாயத் தொறந்துவிட்டா சரியாயிரும்."

சொன்ன பிறகுதான் வடிவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா ஃபோன் எடுத்து, உடம்பைப் பற்றிக் கேட்டால் உடம்பை விட்டுவிட்டு மெசினைப் பற்றியே பேசுவார். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுவாள். ம், ம் என்பாள். ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டதில்லை என்று இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுத்தான் இருக்கிறாள் போலிருக்கிறது.

ஆவிக் குழாயைத் திருகினாள். அது இரண்டு தரம் இருமியது, துப்பியது, பிறகு தண்ணீர் நூலாக வந்தது. கூட்டத்தில் யாரோ "ஆ, வந்திருச்சு" என்றார்கள். சாவு வீடு என்பதை மறந்து ராசிக் கையைத் தட்டப்போய் பாதியில் நிறுத்தினார்.

கைப்பிடி வைத்த வடிகட்டியில் தூளை நிரப்பி, அழுத்தி, மெசினில் பூட்டி, வடிவு மறுபடி பொத்தானை அமுக்கினாள். வடிகட்டியின் சுற்றுவட்டமெல்லாம் வெந்நீர் பீறிட்டது. மாஸ்டரின் வெள்ளை வேட்டியில் தொடைவரைக்கும் கோப்பி.

"வாசர்," என்றார் மாஸ்டர், வேட்டியை உதறியபடி. "அந்தப் பெரிய றப்பர் வாசர் எங்க பிள்ளை? அந்த வளையம் இல்லாட்டி இது வெறும் ஒழுக்குப் பானை."

தாளில் ஒன்றும் மிச்சமில்லை. மேசைக்கு அடியில் பார்த்தார்கள். குசினி அடுப்பு மூலையில், கழுநீர்த் தொட்டியில், அப்பாவின் பழைய சட்டைப் பையில் பார்த்தார்கள். ராசிக் கடையைத் திறந்து வாசர் பெட்டியைத் தூக்கிவந்தார். நாற்பது தினுசு வாசரில் ஒன்றும் சேரவில்லை. சேராதுதான். மெசினோடு வந்தது காய்ந்து வெடித்தபோது, ரப்பர் தகட்டில் உளியால் அப்பாவே வெட்டிச் செய்தது அது. மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஆறாவது கேத்தல் தேத்தண்ணி வந்தது.

வடிவு கூடத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெட்டிக்குள் அப்பா கோட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பிணத்தைப் பதப்படுத்தி அலங்கரிக்கும் மலர்ச்சாலைக்காரர்கள் அவரைக் கொஞ்சம் சிவப்பாக்கி ஒரு பாங்கு மனேஜர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு வேலை சொன்னாரே, அதையும் செய்யமுடியாமல் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் மீனம்மா அத்தை புதிதாக வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதுதான்.

"முப்பது வருசமா கோயில் பக்கம் தலவச்சுப் படுக்காதவன். நான் வேண்டாத வேண்டுதலில்ல. கடேசில பாரு, யாருக்கும் சொல்லாம ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்கான். கையில கருப்பா, மொத்தமா. மலர்ச்சாலைக்காரப் பையன் கழட்டப் பாத்தான். நான் விடல. இருக்கட்டும் தம்பின்னேன். அவனும் பயந்து, தொடச்சுட்டு அப்படியே விட்டுட்டான்."

வடிவு எழுந்தாள்.

திருகாணியைக் கழற்றினால் வாயில் கவ்விக்கொள்வதும், வாசரைக் கழற்றினால் தொலையாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் அப்பாவின் தொழிற்சாலைப் பழக்கம். எத்தனையோ நாள் அப்படியே சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

பெட்டியருகே போய் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்தாள். கோட்டுக் கையை மேலே தள்ளி, சட்டைக் கைப்பொத்தானைக் கழற்றினாள். உளி பட்ட சின்ன வடுவோடு வாசர் அங்கே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னாடி?" என்று அத்தை பின்னால் வந்து நின்றாள்.

பொய் சொல்லலாம். முப்பது வருசத்து வேண்டுதல் பலித்துவிட்டது என்று நேற்றிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பேசாமல் கோட்டுக் கையை இழுத்துவிட்டுப் போய்விட்டால் அத்தைக்கு அது சாகும்வரை இருக்கும். ஆனால் அப்பா தேத்தண்ணி வாசத்தில் போவார்.

"அத்த, இது காப்பு இல்ல," என்றாள் மெதுவாக. "மெசின் வாசர்."

அத்தை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலை மெல்லுவது நின்றது.

"அப்ப ஆத்தா கோயிலுக்குப் போவவே இல்லையா?"

"இல்லைங்க அத்த."

"பாவி. செத்தும் என்ன ஏமாத்திட்டியே," என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து புதிதாக வந்த அந்தப் பெண் தாங்கிப் பிடிக்க வந்தாள். அத்தை சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனவள் நடுவில் எங்கோ அழத் தொடங்கி, ஒரேயடியாக அழுது தீர்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எடு. நல்ல சாமானப் பொதச்சுட்டீங்கன்னு அங்க போயும் கத்துவான்."

விறைத்த விரல்களைத் தாண்டி வாசரை இழுத்து எடுக்க இருவரும் சேர வேண்டியிருந்தது. அது இருந்த இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி, ஒரு பள்ளம் தங்கிவிட்டது. வடிவு பெருவிரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் அப்படியே இருந்தது.

அத்தை தன் கையிலிருந்த மாரியம்மன் கோயில் கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். சரியாக அந்தப் பள்ளத்தில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள்.

"இப்ப ஓடு பாப்போம்," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் பூட்டினாள்.

ஒன்றே முக்காலிலிருந்து மூன்று வரைக்கும் மெசின் ஓயவில்லை. றுக்கையா தூள் நிரப்ப, வடிவு பூட்டி அமுக்க, ராசிக் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வாய் அளவுக் கோப்பியைச் சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கிய தொழிற்சாலை ஆட்கள் அதற்குள் எட்டிப் பார்த்தார்கள். "இம்புட்டுத்தானா?" என்றார் ஒருவர். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "சோலமல அண்ணன் இதுக்காகவா நம்ம டீய வேணாம்னுச்சு?" என்றார் இன்னொருவர். ஆனாலும் இரண்டு பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். தப்படிக்கிறவர்களுக்கு அது ஒத்துப்போனது போலிருக்கிறது, மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அடி பலமாகக் கேட்டது. அத்தை ஐந்து கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு, மருந்து மாதிரி இருக்கிறது, உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மாஸ்டர் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"சரியில்லையா மாஸ்டர்?"

"சரியாத்தான் இருக்கும் பிள்ளை. ஏழு வருசம் அவன்ர கையாலதான் குடிச்சனான்." கோப்பைக்குள்ளேயே பார்த்தார். "நாளைக்கு நாலரைக்கு நான் எங்க போறது?"

"இங்கதான் வரணும். முப்பதாம் நாள் காரியம் முடியுமட்டும் நான் இருக்கேன். அதுக்கப்புறம் மெசின் உங்களோடது, தூக்கிட்டுப் போங்க."

"எனக்கு அதைக் கழுவத் தெரியாதே."

"ஃபோன்ல சொல்லுறேன். ஞாயித்துக்கெழம."

மாஸ்டர் தலையை ஆட்டிக் கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

மூன்று மணிக்குப் பெட்டி போனது. தப்புச் சத்தம் தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பெண்கள் சந்திவரை போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளிக்கப் போகுமுன் வடிவு பின்வாசலில் உட்கார்ந்து மெசினைப் பிரித்தாள். ஓடி முடித்த சூட்டிலேயே கழுவாவிட்டால் கோப்பிப் பிசின் பிடித்துவிடும். இடப்பக்கத்திலிருந்து வரிசையாகப் பத்திரிகைத் தாளில் வைத்தாள்.

"வடிவு, குளிக்க வாடி. நேரமாகுது," என்று அத்தை கூப்பிட்டாள்.

மலை ஊற்றிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் ஐஸாகக் கொட்டியது. தலைக்கு ஊற்றப்போகும்போதுதான் மணிக்கட்டில் கறுப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தாள். எப்போது மாட்டிக்கொண்டாள் என்று தெரியவில்லை. இழுத்துக் கழற்றினாள். சுற்றிலும் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது.

தண்ணீரில் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். தடம் மெல்ல மெல்ல மங்கி, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. வடிவு வாசரை மறுபடியும் மாட்டிக்கொண்டு குளிக்கத் தொடங்கினாள்.