ஒளிராத பொட்டு

இருபது வருஷமாக அடுத்தவர் ரத்தத்தில் குறை கண்டுபிடித்தே பிழைத்தவர் நம் லேப்காரர். தன் ரத்தத்தின் மேல் மட்டும் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. எந்தப் புதுப் பரிசோதனை வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் ஒன்று வேண்டுமே, அதற்கு முந்திக்கொண்டு விரலை நீட்டுவார். "நம்மளுது சொக்கத் தங்கம்" என்பார். மறுத்துப் பேச ஆளில்லாத அறையில் எதையும் சொல்லலாம்.

அன்று மாடி வார்டிலிருந்து வந்த ரத்தம் அவர் தங்கை மகனுடையது. பிறந்து மூன்றே நாள். மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே இருந்தது. சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் ஒரு நொதி சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைந்திருக்கும். அதைப் பார்க்கும் சோதனை அந்த வாரம்தான் லேபுக்கு வந்திருந்தது. ரத்தத்தை மருந்தில் கலந்து, தாளில் பொட்டு வைத்து, ஊதா விளக்கில் பார்க்க வேண்டும். நொதி இருந்தால் ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டு.

மருமகன் பொட்டு இருட்டு. ஒப்பிட வைத்த மாமன் பொட்டும் இருட்டு.

மருந்து கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினார். கம்பெனிக்காரனை போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். நாளைக்குப் புது மருந்து வந்ததும் பார்க்கலாம் என்று வார்டுக்கும் சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் டாக்டரம்மாவே இறங்கி வந்துவிட்டார்.

"மஞ்சள் இன்னும் ஏறுது. நாளைக்கு வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. உங்களுதுக்குப் பதிலா என் ரத்தத்தை வெச்சுப் பாருங்க."

டாக்டரம்மா பொட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. அப்போதும் மனசு ஒப்பாமல் துப்புரவு அக்காவைக் கூப்பிட்டு விரலில் குத்தினார். அதுவும் ஒளிர்ந்தது. தங்கம் கவரிங் என்று தெரிந்துபோயிற்று.

"அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வர்றதுதானே" என்றார் டாக்டரம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல். "சரி, இப்பவாவது தெரிஞ்சுது. உடனே ரத்தம் மாத்திட்டா சமாளிச்சிடலாம்."

இதையே பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர் நம் லேப்காரர். வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் தலைக்கனத்தால் குழந்தைக்கு ஆறு மணி நேரம் வீணாகியிருந்தது.

மாடியேறிப் போனார். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

"கோளாறு மருந்துல இல்லம்மா, என்கிட்ட. எனக்கும் அதே குறைதான். காலையிலேயே புரிஞ்சிருக்கணும். இந்த மேதாவிக்கு உறைக்கல."

திட்டுவாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதில்ல அண்ணா?"