விதை எடுத்தாச்சா?

மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமனாரின் கேள்வி வந்துவிடும். விதை எடுத்தாச்சா? பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதருக்கு நாக்கும் பாதிதான் புரளும். தக்காளி என்று வந்துவிட்டால் அந்தப் பாதி நாக்கே அவருக்குத் தாராளம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே மொட்டை மாடியில் பெயின்ட் வாளிகளில் தக்காளி வளர்த்தவர். கடையில் விதை வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வருஷா வருஷம் நல்ல பழமாக ஒன்றைச் செடியிலேயே நன்றாகக் கனியவிட்டு, அதன் விதையைத்தான் அடுத்த பருவத்துக்குப் போடுவார்.

அவர் படுத்த பிறகு வாளிகள் அவள் தலையில் விழுந்தன. ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருபவள், வந்த கையோடு மாடிக்குத் தண்ணீர் சுமந்தாள். ஒருநாள்கூட ஆசையாகச் சுமக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மனசு எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமனார் பிடித்துக்கொண்டிருந்தது தக்காளியை. அதுவும் இல்லையென்றால் ஆள் விட்டுப்போய்விடுவார் என்று அவளுக்குப் பயம்.

இந்தப் பருவத்தில் கருகல் நோய் வந்து செடிகளெல்லாம் போயின. தப்பியது ஒரே ஒரு பழம். அதை அறுத்து, விதையைச் சாறோடு வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். அது சில நாள் புளித்து, நாறி, மேலே ஆடை கட்ட வேண்டும். அப்போதுதான் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு விடும். பிறகு அலசிக் காயவைக்கலாம். அன்று இருந்த அசதியில் கிண்ணம் தேட அவளுக்குப் பொறுமையில்லை. மாமனாரின் சிறுநீரை அளக்க வாங்கிய கப் இரண்டில், தொடாத புதுசு ஒன்று கையில் அகப்பட்டது. அதிலேயே ஊற்றிக் குளியலறை ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவின் கப்பைக் காலி செய்வது அவன் பங்கு வேலை. கலங்கலாக, மேலே ஏடு கட்டி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒரு கப்பைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி என்று பதறிப்போனான். கழிவறையில் கொட்டி, தண்ணீர் ஊற்றித் தள்ளி, கப்பை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் போடலாமா என்று கேட்க அவளைத் தேடி வந்தான்.

அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு, கடைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுத்துக் காட்டிவிடலாம், அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று யோசனை சொன்னான். அவளுக்கும் வேறு வழி தோன்றவில்லை. மாமனார் கேட்டபோதெல்லாம் ஊறுது, காயுது என்று சமாளித்தாள்.

காய்ந்த விதையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய பொய்யை மாடியிலிருந்து இறங்கும்போதே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"உன் கால் வீங்கியிருக்கேம்மா" என்றார்.

அதோடு பொய் போன இடம் தெரியவில்லை. கப்பிலிருந்து கடைத் தக்காளி வரைக்கும் அத்தனையையும் கொட்டிவிட்டாள். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மூத்திரம்னு நெனச்சானா?" என்று கேட்டு, பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் அவர் நெஞ்சை நீவிவிட்டாள்.

"போகட்டும் விடு. தண்ணியத் தூக்கிட்டு நீ படியேறுற சத்தம் இங்க கேக்கும். போதும்மா, நிறுத்துன்னு சொல்ல எத்தனையோ தடவ வாயெடுத்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் யாருக்காகச் சுமந்தாள்?

"அப்புறம் ஏன் மாமா தெனமும் கேட்டீங்க?"

அவர் நல்ல கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"மாத்திரை குடுக்க வருவ, துணி மாத்த வருவ. வந்த வேலை முடிஞ்சதும் போயிடுவ. விதையப் பத்திக் கேட்டா மட்டும்தான் பக்கத்துல உக்காந்து பேசுவ."

அதில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. உலையில் அரிசி போட வேண்டும், நாளைக்கு விடியலிலேயே வேலைக்குப் போக வேண்டும், எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழாமல் இருந்தாள்.

"இனிமே எதைக் கேக்கறதுன்னுதான் தெரியல" என்றார் அவர்.