வீட்டுக்கு ஒரு மீட்டர்

மாடிப்படி ஓரத்து அலமாரியைத் திறந்து காட்டினார் பில்டர் ராஜரத்தினம். உள்ளே வீட்டுக்கு ஒன்றாகத் தண்ணீர் மீட்டர்கள்.

"யார் வீட்ல எவ்வளவு செலவுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். தெரிஞ்சாலே கை தானா கொழாய மூடிரும்" என்றார்.

மயிலாப்பூரில் எங்கள் பழைய ஃபிளாட்டை இடித்துவிட்டு இதைக் கட்டித் தந்தவர் அவர். போன கோடையெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் மனைவி ஜானு கை கழுவுவாள். பால் பாக்கெட்டைத் தொட்டால் கழுவுவாள், கதவைத் தொட்டால் கழுவுவாள். சரியாகக் கழுவினோமா என்று சந்தேகம் வந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து. டாக்டர் இதை நோய் என்றுதான் சொன்னார். மாத்திரையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய கட்டடத்தில் தண்ணீர்ச் செலவை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஜானு மாமி ரொம்ப மடி என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

ராஜரத்தினத்தைத் தனியாக அழைத்துப்போனேன்.

"எங்காத்துக்கு மட்டும் மீட்டர் வேண்டாமே."

"ஏன் சார், எதுவும் கோளாறா?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று மழுப்பினேன்.

"ஒருத்தருக்கு எடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார். அப்புறம் நான் இவ்வளவு செஞ்சதுக்கு அர்த்தமே இல்ல."

அவர் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

குடிவந்த வாரமே ஜானுவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "எதிராத்து சாருலதா தெனமும் மீட்டரப் பாத்துண்டிருக்கா" என்றாள். சாப்பிடவில்லை.

இன்று காலை அவள் குளியலறைக்குள் போனதும், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அலமாரியைத் திறந்தேன். எங்கள் மீட்டரின் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. இவ்வளவு சீக்கிரம் அவள் குழாயை மூடியதே இல்லை. டாக்டரால் ஆகாதது ராஜரத்தினத்தால் ஆகிவிட்டது என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

பின்னால் கதவு திறந்தது.

"கொழாய மூடிட்டேன். நின்னுடுத்தா பாருங்கோ" என்றாள் ஜானு.

"நின்னுடுத்து."

"நன்னாப் பாத்தேளா? இன்னொரு தரம் பாருங்கோ."

பார்த்துச் சொன்னேன். அவள் உள்ளே போகவில்லை. கழுவாத சோப்பு நுரையோடு இரண்டு கைகளையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை அந்த முள்ளிலிருந்து எடுக்காமல் நின்றாள். நுரை முழங்கை வழியாகப் புதுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.