ஈர ஷூ

ஒன்பதாம் வகுப்பின் நூலகப் பாடவேளையை எடுக்க ஆளில்லை என்று அறிவியல் ஆசிரியை பாயிஜாவின் தலையில் கட்டினார்கள். அவளுக்குக் கதை படிக்கப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் பேசத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நிலக்கரிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும், வடக்குத்து, முத்தாண்டிக்குப்பம் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் கலந்த வகுப்பு. எந்தக் கதையைப் படித்துக் காட்டினாலும் எல்லோரும் ஒன்றைத்தான் எழுதினார்கள்: 'இக்கதையால் நாம் அறியும் நீதி...' நீதி வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள் என்று மாதக்கணக்கில் கெஞ்சினாள்.

"அதுக்கு எத்தன மார்க் மிஸ்?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பையனின் கதையைப் படித்த அன்றுதான் மலர்கொடி எழுதினாள். வடக்குத்துப் பெண், வாய் திறக்காதவள். அவள் அப்பா தெய்வசிகாமணி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள்.

'எங்கப்பாவும் இன்னொருத்தர் ஷூவைத்தான் போட்டுக்கினு வேலைக்குப் போறார். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பக்கத்து வூட்டு மாமா கழற்றித் தருவார். உள்ளே ஈரமாக இருக்கும். அப்பா காலை விடும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.'

பாயிஜா திரும்பத் திரும்பப் படித்தாள். மலர்கொடியை ஒரு வார்த்தை கேட்காமலே, அவள் பெயரோடு வகுப்புச் சுவரில் ஒட்டினாள். பிள்ளைகள் வந்து வந்து படித்தார்கள். அடுத்த வாரம் நாலைந்து பேர் நீதியை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டை எழுதினார்கள்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தெய்வசிகாமணியை வேலைக்கு வைத்திருக்கும் கான்ட்ராக்டர் சண்முகசுந்தரமும் வந்தார். அவர் மகனும் அதே வகுப்பு. தன் ஆட்களுக்கு ஆளுக்கொரு ஜோடி ஷூ கொடுத்ததாகச் சுரங்க நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தவர் அவர். சுவரருகே நின்று நிதானமாகப் படித்தார்.

"பசங்க நல்லா எழுதுறாங்க மேடம்" என்றார். பாயிஜா கூச்சத்தோடு, சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மலர்கொடி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"அத எடுத்துடுங்க மிஸ். அப்பாவ வேலைக்கு வராதன்னுட்டாங்க."

நீ தப்பாக எதுவும் எழுதவில்லையே என்று பாயிஜா தடுமாறினாள்.

"நெசம்ங்கறதாலதான் மிஸ் நிறுத்திட்டாங்க."

பாயிஜா சண்முகசுந்தரத்துக்குப் போன் செய்தாள். வகுப்பில் படித்த கதையைக் கேட்டு, குழந்தை எழுதிய கற்பனை சார் அது என்று பொய் சொன்னாள். இப்படிப்பட்ட கற்பனையைப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். தெய்வசிகாமணியைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த நூலகப் பாடவேளைக்குள் விஷயம் வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. அவள் கதையைப் படித்து முடித்ததும் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். மலர்கொடியின் தாள் நடுவில் இருந்தது.

'இக்கதையால் நாம் அறியும் நீதி, பொறுமை கடலினும் பெரிது.'

அடித்தல் திருத்தல் இல்லாத, அழகான கையெழுத்து. பாயிஜா சிவப்புப் பேனாவைத் திறந்து, சரி போட்டாள்.