ஊர் ஒரே வாயாகச் சொன்னது

என் மகள் ஜெயப்ரியாவின் வேலை போனதைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசுகிற எவரும் அந்த விசாரணையில் அவளுக்காக உண்மையைச் சொன்னவர்கள் இல்லை. நான் சொன்னேன். அதனால் எழுதுகிறேன்.

கருக்களாச்சேரியில் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து முனைவர் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். மனிதனுக்கு ஞாபகம் எப்படி நிற்கிறது, எப்படி மாறுகிறது என்பது அவள் படிப்பு. அறிதல் உளவியல் என்று பெயர். இதற்கெல்லாம் எவன் சம்பளம் கொடுப்பான் என்று கேட்டேன். கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். விரிவுரையாளர் வேலை, ஆனால் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வர வேண்டும். வருகிறவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. நல்ல ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தால் நிரந்தரம் ஆக்கிவிடலாம் என்று துறைத் தலைவர் வருஷாவருஷம் சொன்னார். இல்லை என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

அவள் எடுத்த ஆராய்ச்சி எங்கள் ஊரில் அடித்த புயல். கஜா அடித்த மறுமாதமே வந்து, நாற்பது பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, அன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுக் குரலைப் பதிந்துகொண்டாள். மூன்று வருஷம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வி. இடையில் அவரவர் ஞாபகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. மாறுவதுதான் அவளுக்கு வேண்டியது. பெற்றவன் என்பதால் என்னைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது தடவை கேட்டு முடித்த அன்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அப்பா, முதல்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. இப்ப நாப்பது பேரும் ஒண்ணே சொல்றாங்க. கோயில் தென்னைதான் முதல்ல விழுந்துச்சாம். முத்தையன் மாமாதான் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைச்சிட்டுப் போனாராம்."

முத்தையன் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்.

"அந்த ஆளு அன்னைக்கு நெரவியில மச்சான் வீட்டுல படுத்துக் கிடந்தாரு" என்றேன்.

"அதுதாம்ப்பா விஷயமே. நடக்காததுகூட ஞாபகமா ஆயிருக்கு. ஒரு ஊரோட ஞாபகமே ஒண்ணா சேர்ந்திருக்கு."

அதை எழுதினாள். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. துறைத் தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குத் தேதியும் குறித்தார்கள்.

அப்புறம் வெளிநாட்டிலிருந்து எவனோ கேட்டான்: நாற்பது பேர் வார்த்தை மாறாமல் எப்படிச் சொல்வார்கள்? பத்திரிகைக்காரர்கள் குரல் பதிவுகளை வாங்கிக் கேட்டார்கள். குரல் நிஜம். அப்படியானால் சொந்த ஊர், சொந்த சனம், இவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றார்கள். அவள் குரல் பதிந்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத பல்கலைக்கழகம் இப்போது விசாரணைக் குழு போட்டது. நேர்காணலை நிறுத்தியது.

இதை என் தங்கை மகன் சசிதரனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அதெப்படி மாமா தப்பாவும்? ப்ரியா ரெண்டாவது தடவ வருதுன்னதும் முத்தையன் மாமா மீன் ஏலக்கூடத்துல கூட்டம் போட்டாரு. மூணு வருசத்துக்கு முன்ன என்னா சொன்னோம்னு எவனுக்குத் தெரியும். மாத்திச் சொன்னா நம்ம புள்ளைக்குல்ல கெட்ட பேரு. ஒண்ணே சொல்லிடுவோம்னு முடிவாச்சு. நான்தான் எல்லாருக்கும் மனப்பாடம் பண்ண வச்சேன்."

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா அதுக்கிட்ட போயி ஒளறிடுவீங்கன்னாரு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சுனாமிக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்களிடம் ஆளுக்கொன்று சொன்னவர்கள் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு அலையாய் அலைந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். காகிதத்தோடு எவன் வந்தாலும் முதலில் கூட்டம், பிறகுதான் பதில்.

மகளிடம் சொன்னேன். அழவில்லை.

"இந்த ஊருல பொறந்துட்டு எனக்கு இது தோணலயேப்பா" என்றாள். பிறகு, "கூடிப் பேசினது நாங்கதான், அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுன்னு அவங்க சொன்னாப் போதும். ஆராய்ச்சி போயிடும். வேலையாவது மிஞ்சும்."

முத்தையனிடம் போனேன். வலைக் குவியல்மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கூடிப் பேசினோம்னு சொல்லச் சொல்றியா காத்தமுத்து? இதுக்குச் சொன்னோம்னா, ஒடஞ்ச போட்டுக்கு நிவாரணம் கேட்டப்பவும் கூடிப் பேசித்தான் சொன்னீங்களான்னு கெளறுவான். ஊரே நிக்கணும்."

"அவ பொழப்பு போவுதுய்யா."

"போவ விடுவோமா? நம்ம ஊரு டாக்டரு அது. நீ போயி நிம்மதியா கெட. நாங்க பாத்துக்குறோம்."

அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதில்தான் எனக்கு நிம்மதி போனது.

குழுவில் மூன்று பேர், இரண்டு ஆண், ஒரு பெண். காரில் வந்து ஏலக்கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மீன் வாடைக்குக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஜெயப்ரியாவைக் காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், பேச்சு கேட்கிற தூரம்தான். ஊரை ஒவ்வொருவராக அழைத்தார்கள். நான் முதலில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"நீங்க அவங்க அப்பாதானே?" என்றார் ஒருவர்.

"ஆமாங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அடுத்து முத்தையன் போனார். கை கட்டிக்கொண்டு சொன்னார்: "மேடம் எங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க. நாங்க கண்ணால பாத்ததத்தான் சொன்னோமுங்க. எங்க புள்ள மேல பழி போடாதீங்க."

அடுத்தவன் வந்தான். மேடம் எங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க. கண்ணால பாத்ததத்தான். பழி போடாதீங்க. அதற்கு அடுத்தவனும் அதேதான், கை கட்டினதுகூட அதே மாதிரி. மீன் விற்கிற சாரதாம்பாள் பாதியில் மறந்துபோய், "இருங்க சார்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பெண் அதிகாரி எழுதுவதை நிறுத்தி, தலையைத் திருப்பி என் மகளைப் பார்த்தார். என் மகள் தரையைப் பார்த்தாள்.

பாதிப் பேரைக்கூடக் கேட்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த ஜூனில் உத்தரவு வரவில்லை. காரணம் கேட்டு மூன்று தடவை எழுதினாள். பதிலும் வரவில்லை. துறைத் தலைவர் போனை எடுப்பதில்லை. அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளரைப் போட்டார்கள், அதுவும் நிரந்தரம் இல்லை. இப்போது இவள் ஒரு நர்சிங் கல்லூரியில் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாள்.

போன வாரம் முத்தையன் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்கிற முகம். ஜெயப்ரியா டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஒருத்தன்கூட மாத்திச் சொல்லலம்மா" என்றார். "சாரதாம்பாதான் கொஞ்சம் தடுமாறுச்சு."

"கேட்டுக்கிட்டுத்தான் மாமா நின்னேன்."

"அத்தன பேரு ஒண்ணா சொல்லியும் நம்பலன்னா, அவனுங்க வேற எதத்தான் நம்புவானுங்க?"

"நான் நம்பினேன் மாமா" என்றாள்.

அவர் தலையாட்டினார். டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு, இன்னொரு ஆராய்ச்சி எடும்மா, ஊர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.