ப்ரூஃப் வராத கட்டுரை

கட்டுரை வெளியாகிவிட்டது என்று ஆய்வு மாணவி சௌம்யா வந்து சொன்னபோது பக்தவச்சலம் நம்பவில்லை. ஏற்றுக்கொண்டோம் என்று நேற்றுத்தானே மெயில் வந்தது? அந்தப் புற்றுநோய் ஆய்விதழ் ப்ரூஃப் என்று அச்சுக்கு முந்தைய படியை அனுப்பி, திருத்தம் வாங்கி வெளியிடுவதற்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம்.

“அதெல்லாம் போன மாசத்தோட போச்சு சார். இப்பல்லாம் ப்ரூஃபே கெடையாது. நாம அனுப்பினதை அப்படியே நெட்ல ஏத்திடறாங்க. மெயில் அனுப்பினாங்களே, பாக்கலையா?”

பார்த்திருந்தான். படிக்கத்தான் இல்லை. ‘மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்’ என்று தொடங்கும் மெயிலை எவன் படிப்பான்?

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். உலகமே படிக்கும்படி நல்ல ஆங்கிலத்தில் நின்றது: “இக்கட்டுரை எக்ஸ் எக்ஸ் எக்ஸுக்குச் சமர்ப்பணம். எலிசபெத் அக்காவிடம் கேட்க வேண்டும். அழுதுவிட்டால் என்ன செய்வது? தைரியம் வந்ததும் ப்ரூஃபில் பார்த்துக்கொள்ளலாம்.”

பெயர் வர வேண்டிய இடத்தில் எக்ஸ் போட்டு, தன் கோழைத்தனத்தைக்கூட இலக்கணப் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தான்.

எலிசபெத், கிஷோரின் மனைவி. கிஷோர் பக்தவச்சலத்தின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். கட்டுரைக்கான வாய்ப் புற்றுநோய்த் திசுக்களையெல்லாம் மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போட்டுக் கொடுத்தவர். கடைசியில் அதே நோய்தான் அவரையும் கொண்டுபோனது. சாவுக்குப் போய்விட்டு வந்த பக்தவச்சலம், பிறகு அவர்கள் வீடு இருந்த லிங்கராஜபுரம் பக்கமே தலைகாட்டவில்லை. எதற்கெடுத்தாலும் ஜோக் அடித்துப் பிழைப்பவன் அந்த வீட்டில் போய் என்ன பேசுவான்?

“உடனே எடுக்கச் சொல்லு!”

“எடுக்க மாட்டாங்க சார். திருத்தம்னு தனியாப் போடுவாங்க. பழசும் அப்படியே இருக்கும்.” சௌம்யா குரலைத் தாழ்த்தினாள். “அப்புறம்... லிங்க்கை நம்ம லேப் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுட்டேன்.”

மேஜைமேல் போன் அதிர்ந்தது. திரையில் ‘கிஷோர்’ என்றிருந்தது.

பக்தவச்சலம் தயங்கித் தயங்கி எடுத்தான். செத்தவரின் எண்ணைக் குரூப்பிலிருந்து நீக்க யாருக்கும் மனசு வரவில்லை. அந்த போன் இப்போது யார் கையில் இருக்கும் என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

“அக்கா...”

“இன்னாபா, ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டே, என்கிட்ட மட்டும் கேக்க மாட்டியா?”

“தப்பா வந்துடுச்சுக்கா. மன்னிச்சிடுங்க.”

“தப்பா வரலன்னா எப்ப கேட்டிருப்பே?”

கைவசம் ஒரு ஜோக்கும் இல்லை.

“அவர் பேரைப் போடலாமாக்கா?”

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“போடு. அந்தோணி கிஷோர்னு முழுசாப் போடு. அது இருக்கட்டும். அவரு இருந்தப்ப ஞாயித்துக்கெழமையானா மீன் கொழம்புக்கு வந்து நிப்பியே, அவரா வெச்சாரு அதை? நான்தானே வெச்சேன்! அவரு போனா கொழம்புமா போயிடும்?”

“இல்லக்கா...”

“இன்னைக்கு சாம்பார்தான். பரவால்லன்னா வா.”

பக்தவச்சலம் எழுந்து ஹெல்மெட்டைத் தேடினான். கண்ணெதிரே இருந்ததைக் கண்ணீர் மறைத்ததால், சௌம்யாதான் எடுத்துக் கையில் கொடுத்தாள்.